அம்மா வாசலில் நின்றால்தான் பிள்ளைக்கு முன்வரிசையா?

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

"ரீச்சர், என் மகள் நாலாம் வகுப்பு. நான் விடிய மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுக்கிறேன். கணவர் கடலுக்குப் போகிறவர். மகளின் வகுப்பில் ஆறு அம்மாமார் ஒரு கூட்டாக இருக்கிறார்கள். காலையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் விடும்வரை வாசல் மரத்தடியிலேயே இருப்பார்கள். எந்த விழா என்றாலும் அவர்கள்தான் தீர்மானிக்கிறது. போன வருடம் வாணி விழா நடனத்துக்கு என் மகளையும் எடுத்திருந்தார்கள், பத்து நாள் ஆசையாகப் பழகினாள். பிறகு பழக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றி ஒரு அம்மாவின் வீட்டில் வைத்தார்களாம். எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் தனியாக ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, அதில்தான் போட்டிருக்கிறார்கள். பிள்ளை வரவில்லை என்று எடுத்துவிட்டார்கள், அந்த இடத்துக்கு வந்தது அந்த ஆறு பேரில் ஒருவரின் மகள். இந்த வருடம் விளையாட்டுப் போட்டி உடற்பயிற்சியிலும் கடைசி வரிசை. நானும் உதவுகிறேன் என்றால் 'எல்லாம் பிரிச்சுக் குடுத்தாச்சு அக்கா' என்கிறார்கள். காசு சேர்க்கும்போது மட்டும் என் பெயர் பட்டியலில் இருக்கும், போன முறை 1,500 ரூபாய். பொறுக்க முடியாமல் வகுப்புக் குரூப்பில் 'எல்லாப் பிள்ளைக்கும் ஒரே நீதி வேண்டும்' என்று எழுதினேன். ஒருவரும் பதில் போடவில்லை. இரவு ஒருவர், 'வேலை செய்யாதவர்கள் குறை சொல்லக் கூடாது' என்று போட்டார். அதற்குக் கீழே ஐந்து கைகூப்பு. வாணி விழா திரும்ப வருகிறது. அதிபரிடம் போகவா? போனால் மகளுக்குத்தான் கரைச்சல் வருமோ? இல்லை, இதெல்லாம் என் பொறாமைதானா?"

தங்கச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். பொறாமை கொஞ்சம் இருக்கலாம். மரத்தடியில் உட்கார்ந்து கதைக்க நேரம் உள்ளவர்களைப் பார்த்து, இரண்டு கடைக்கும் தட்டு இறக்கிவிட்டு வியர்வையோடு சைக்கிளில் போகிற ஒருவருக்கு அது வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் உங்கள் கடிதத்தில் பொறாமையைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தாலும் மிஞ்சி நிற்கிற ஒரு விஷயம் இருக்கிறது. பழக்க நேரத்தை மாற்றியவர்கள் எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் சொல்லவில்லை. அது பிழை. யார் செய்தாலும், எவ்வளவு நல்ல மனதோடு செய்தாலும் பிழை.

விளையாட்டுப் போட்டியில் கடைசி வரிசை என்பதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உடற்பயிற்சிக்கு உயரம் பார்த்து நிறுத்துவது வழக்கம், உங்கள் மகள் வகுப்பில் உயரமான பிள்ளையாக இருந்தால் பின்னால்தான் நிற்பாள். ஒரு தடவை மனம் நொந்த பிறகு எல்லாமே அதே கையால் நடந்த மாதிரித் தெரியும். அதிபரிடமோ வகுப்பு ரீச்சரிடமோ போகும்போது இரண்டையும் சேர்த்துச் சொன்னீர்கள் என்றால், அவர்கள் உயரக் கதையைச் சொல்லி இரண்டாவதைத் தட்டிவிட்டு, அதோடு முதலாவதையும் தட்டிவிடுவார்கள். நடனத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் முப்பத்திரண்டு வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள், கடைசி ஒன்பது வருடம் அதிபர். அந்த ஒன்பது வருடத்திலும் இந்தப் பெற்றோர் குழு விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பெரியவர்களுக்கு இடையில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கட்டும். ஒருவர் அதிகம் உழைப்பார், ஒருவரால் முடியாது, சிலர் சிலரோடு நெருக்கமாக இருப்பார்கள், அதையெல்லாம் தராசில் போட்டு நிறுக்க முடியாது. பிள்ளைகளின் கைக்கு ஒன்று வந்து சேருகிற இடத்தில் மட்டும் ஒரு மயிரிழை சாய்வும் கூடாது. மேடையில் இடம், நடனம், பேச்சு, விளக்கேற்றுவது, பிரதம விருந்தினருக்கு மாலை போடுவது, சிறுவர் தினப் பொதி, இவையெல்லாம் பிள்ளையின் பங்கு. அந்தப் பங்குக்கும் அம்மா சிரமதானத்துக்கு வந்தாரா இல்லையா என்பதற்கும் ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது. இந்த நாட்டில் 1945இல் இலவசக் கல்வி வந்தது, 1980இலிருந்து பாடநூலும் 1993இலிருந்து சீருடைத் துணியும் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. பாடநூல் கொடுக்கும்போது உன் அம்மா போன கிழமை புல்லுச் செருக்க வந்தாரா என்று எந்த ரீச்சரும் கேட்பதில்லையே. மேடையும் அப்படித்தான். அதுவும் பள்ளிக்கூடம் பிள்ளைக்குக் கொடுக்கிற படிப்பில் ஒரு பகுதி.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதிபராகி இரண்டாவது வருடம் ஒரு வாணி விழா. பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். பூசை முடிந்து பிள்ளைகளுக்கு அவலும் கடலையும் பங்கிட்டார்கள், வழக்கமான அம்மாமார்தான், கைதேர்ந்தவர்கள், அரை மணித்தியாலத்தில் முந்நூறு பிள்ளைக்கும் கொடுத்து முடித்துவிட்டார்கள். எனக்கு நல்ல சந்தோஷம். எல்லோரும் போன பிறகு மண்டபத்துக் கதவைப் பூட்ட வந்தபோது மேசைக்குக் கீழே ஒரு அலுமினியப் பானை இருந்தது. வாயை வெள்ளைத் துணியால் மூடி நான்கு மூலையையும் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தது. முடிச்சு அவிழ்க்கப்படவேயில்லை. கொஞ்ச நேரத்தில் அதை எடுக்க ஒரு தாய் வந்தார், சாம்பல்தீவுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த கடலை. "மிச்சமா வந்திட்டுதாம் ரீச்சர், பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய மகன் பின்னால் வந்தான், ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, பானையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். அந்த அம்மாமார் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பானை முதலில் முடியட்டும் என்று நினைத்திருப்பார்கள், பிறகு மறந்திருப்பார்கள். அங்கேயே நின்றுகொண்டிருந்த நானும்தான் பார்க்கவில்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த முடிச்சு எனக்கு நினைவில் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் வாட்ஸ்அப்பை விடுங்கள். அங்கே நீதி கேட்டு யாருக்கும் நீதி கிடைத்ததை நான் காணவில்லை. நாற்பது பேர் பார்க்கிற இடத்தில் "ஒரே நீதி வேண்டும்" என்று போட்டால், அந்த ஆறு பேரும் தங்களைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள், சரியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் மிச்சம் முப்பத்து நாலு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்கள் எல்லோரும் உங்களுக்கு எதிர் என்று நினைக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலவே வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுடைய பிள்ளைகளும் அந்த நடனத்தில் இருந்திருக்க மாட்டார்கள். "வேலை செய்யாதவர்கள்" என்று போட்டவருக்கும் பதில் எழுத வேண்டாம். எழுத ஆசையாக இருக்கும், தெரியும்.

வகுப்பு ரீச்சரிடம் போங்கள். அதிபரிடம் இப்போது வேண்டாம், நேரே அதிபரிடம் போனால் ரீச்சர் தன்னைப் பற்றிக் கோள் சொன்னதாக நினைப்பார், அந்த வகுப்பில் ஒவ்வொரு நாளும் உங்கள் மகள்தான் உட்கார்ந்திருக்கிறாள். காலை ஏழே கால் மணிக்கு வாசலில் பிடித்துக் கதைக்காதீர்கள், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் வேண்டாம், மரத்தடியில் கண் பார்த்துக்கொண்டிருக்கும். மகளின் கொப்பியில் ஒரு துண்டு வைத்து, பத்து நிமிடம் கதைக்க வேண்டும், எப்போது வரலாம் என்று கேளுங்கள். போனதும் பாரபட்சம் என்ற சொல்லை எடுக்காதீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடனே எந்த ரீச்சருக்கும் காது அடைத்துவிடும், அதுக்குப் பிறகு நீங்கள் சொல்வது எதுவும் உள்ளே போகாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ரீச்சர், போன வருடம் நடனப் பழக்கத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றினது எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மகள் நல்லா அழுதிட்டாள். இந்த முறை பழக்க நாளை நீங்களே பிள்ளைகளின் கொப்பியில் எழுதிவிடுவீர்களா? பிள்ளைகளை எப்படித் தெரிகிறீர்கள் என்றும் முன்கூட்டியே சொன்னால் எங்களுக்கு உதவியாக இருக்கும்." இவ்வளவுதான். யார் பெயரும் வேண்டாம். கொப்பியில் எழுதுவது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் நாள் கொப்பியில் வந்துவிட்டால் அந்தத் தனிக் குரூப்புக்கு இருந்த பலம் பாதி போய்விடும்.

ரீச்சருடைய நிலைமையையும் கொஞ்சம் யோசியுங்கள். வகுப்பறைச் சுவருக்கு நிறம், விழாவுக்குத் துணி, இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இல்லம் சோடிக்கிற தடி, கடதாசி, இதற்கெல்லாம் அவர் யாரிடம் போவார்? வாசலில் நிற்கிற ஆறு பேரிடம்தான். கூப்பிட்டவுடன் வருகிறார்கள், கேட்காமலே செய்கிறார்கள். பிறகு அவர்களில் ஒருவர் "ரீச்சர், என் மகளையும் ஒருக்கா முன்னால விடுங்கோ" என்று கேட்டால் மறுக்க நா எழாது. இப்படித்தான் தொடங்குகிறது. யாரும் திட்டம் போட்டுத் தொடங்குவதில்லை. நெருக்கத்துக்கு வேறு காரணங்களும் இருக்கும், ஒரே ஒழுங்கை, ஒரே கோயில், உறவு, இன்னும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த காரணங்களும். அதனால்தான் ரீச்சருக்கு மறுத்துச் சொல்ல ஒரு பிடி வேண்டும். முன்கூட்டியே சொன்ன ஒரு முறை இருந்தால், "நான் என்ன செய்ய, முறைப்படிதான் வருகுது" என்று அவர் தப்பிக்கலாம். உங்கள் கேள்வி அவருக்கு அந்தப் பிடியைக் கொடுக்கும்.

நான் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன், உங்கள் ரீச்சர் இதை வாசித்தால் எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பானை வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு எண்பது பக்கக் கொப்பி போடச் சொன்னேன். இடது பக்கம் பிள்ளைகளின் பெயர். மேலே வாணி விழா, ஒளி விழா, பொங்கல், விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, காலைக்கூட்டத்தில் சிந்தனை வாசிப்பது, இப்படி. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. அவ்வளவுதான், பெரிய வேலை இல்லை. முதல் வருடம் இரண்டாம் தவணை முடிவில் கொப்பிகளை வாங்கிப் பார்த்தேன். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏழு புள்ளி. பதினொரு பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை, வெறும் கட்டம், வரிசையாக. அந்த ரீச்சர் நேர்மையான மனுசி, அவரே பயந்துபோனார். "நான் எல்லாரையும்தானே எடுக்கிறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர் உண்மையாக நம்பியிருந்தார். கெட்டிக்காரப் பிள்ளை, கூச்சப்படாத பிள்ளை, அம்மா உடனே உடுப்புத் தைத்துக் கொடுக்கிற பிள்ளை என்று கண் தானாகப் போகும். கொப்பி இருந்தால் அந்த வெறும் கட்டம் கண்ணைக் குத்தும்.

இனி நீங்கள் செய்யக்கூடிய வேலை. உதவி செய்ய ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் "நானும் வாறன்" என்று பொதுவாகக் கேட்டால் "பிரிச்சுக் குடுத்தாச்சு" என்ற பதில்தான் திரும்ப வரும். உங்கள் நேரத்துக்கு ஏற்ற ஒரு வேலையைப் பெயர் சொல்லி ரீச்சரிடமே கேளுங்கள். பத்து மணிக்குப் பிறகு உங்களுக்குக் கை ஓய்ந்திருக்கும் என்றால், விழா முடிந்த பிறகு பாத்திரம் கழுவி மண்டபம் கூட்டுகிற வேலையைக் கேளுங்கள் என்று பலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். யாரும் விரும்பாத வேலையை உங்கள் தலையில் கட்டுவதும் ஒரு சாய்வுதான். மாலை கட்டத் தெரியுமா, கோலம் போடத் தெரியுமா, பிள்ளைகளுக்குத் தலை பின்னிப் பூ வைப்பீர்களா, பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிகிற ஒரு வேலையைக் கேளுங்கள். மகள் அதைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. நீங்கள் இடியப்பம் அவிக்கிறவர் என்பதால் யாராவது ஒருநாள் "விழாவுக்கு இருநூறு இடியப்பம் சும்மா தாங்கோவன் அக்கா" என்று கேட்பார்கள், கேட்காமல் விட மாட்டார்கள். அது உங்கள் தொழில். விலைக்குத் தருவேன், அல்லது என் பங்குக் காசுக்குப் பதிலாக அவ்வளவு பெறுமதிக்குத் தருவேன் என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. தையல்காரத் தாய்மாரையும் இப்படித்தான் விடிய விடியத் தைக்க வைத்துவிட்டு நூற்காசுகூடக் கொடுக்காமல் விடுவார்கள், நான் கண்டிருக்கிறேன்.

காசு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்பது முறையான அமைப்பு, அதிபர்தான் அதற்குத் தலைவர், அதற்கு வங்கிக் கணக்கு உண்டு, கூட்டக் குறிப்பு உண்டு, சேர்க்கிற காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. வகுப்பு மட்டத்தில் அம்மாமார் சேர்க்கிற 1,500 ரூபாய்க்கு பெரும்பாலும் இவற்றில் ஒன்றும் இருப்பதில்லை. களவு நடக்கிறது என்று நான் சொல்லவில்லை, அனேகமாக அவர்கள் கையிலிருந்துதான் காசு போயிருக்கும். ஆனாலும் எவ்வளவு சேர்ந்தது, எதற்குச் செலவழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று மூன்று வரி வகுப்புச் சுவரில் ஒட்டினால் வாய்க்கதை எல்லாம் நின்றுவிடும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழும்பி நின்று இதை மட்டும் கேளுங்கள், பலர் தலையாட்டுவார்கள் பாருங்கள். காசு கட்டாதவர்களின் பெயரைக் குரூப்பில் போடுகிறார்கள் என்றால் அதை உடனே நிறுத்தச் சொல்லி ரீச்சரிடம் கேட்கலாம். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளையும் அந்த ஃபோனைத்தான் பார்க்கிறது.

ரீச்சரிடம் கதைத்தும் ஒன்றும் மாறவில்லை, இந்த முறையும் அதே ஆறு பிள்ளைகள் என்றால், அப்போது அதிபரிடம் போங்கள், எழுத்தில். நடந்த திகதிகளோடு ஒரு பக்கம், அதற்கு மேல் வேண்டாம். அங்கேயும் சரிவராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதலாம், உங்களுக்குத் திருகோணமலை நகரத்தில்தான் அலுவலகம், தூரமில்லை. சங்கத்தின் கணக்கைக் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், அரச பாடசாலைக்கும் அது பொருந்தும், தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான். நடனத்தில் இடம் போன விஷயத்துக்கு முதல் நாளே இந்தக் கதவுகளைத் தட்ட வேண்டியதில்லை.

அந்த ஆறு அம்மாமாரும் இதை வாசிக்கக்கூடும், அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. உங்கள் உழைப்பு உண்மையானது. இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்காகப் பெண்கள் உழைப்பது பழைய வழக்கம், ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியை 1923இல் தொடங்கியதே தங்கம்மா சண்முகம்பிள்ளை என்ற ஒரு பெண்மணிதான். 2004 கடல்கோளுக்குப் பிறகு முகாமாக இருந்த பள்ளிக்கூடங்களை வாளியும் தும்புத்தடியும் கொண்டுவந்து கழுவித் தந்தது யார்? உங்களைப் போன்ற அம்மாமார்தான். வெயிலில் நின்று பந்தல் கட்டிவிட்டு, வராதவர்கள் குறை சொல்லும்போது நெஞ்சு எரியும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு ஈடாக முன்வரிசையை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உங்கள் கையில் இருக்கிற பொருள் இல்லை. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது அதிபர், மேடையில் பெயர் சொல்லி, பொன்னாடை போட்டு என்றாலும் சரி. ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் இடத்திலிருந்து அதை எடுக்கக் கூடாது. அந்தத் தனிக் குரூப்பையும் வைத்துக்கொள்ளுங்கள், சிநேகிதிகள் கதைக்க ஒரு இடம் வேண்டும். பள்ளிக்கூட விஷயம் எதுவும் அதில் தீர்மானமாக வேண்டாம், அவ்வளவுதான்.

தங்கச்சி, மகளைப் பற்றி ஒரு வரியைக் கடிதத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தீர்கள். "அம்மா, நீங்க ஏன் மற்ற அம்மாமார் மாதிரி ஸ்கூலுக்கு வாறதில்லை?" என்று கேட்டாள் என்று. அதற்கு நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை என்றும். சொல்லுங்கள். நான் விடிய எழும்பிச் செய்கிற வேலையில்தான் உன் சப்பாத்தும் கொப்பியும் வருகிறது, அதனால்தான் வர முடியாமல் இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள், ஒன்பது வயதுக்கு அது விளங்கும். ஒரு சனிக்கிழமை விடிய, அவள் எழும்பினால், பக்கத்தில் உட்கார வைத்து உரலைப் பிழியக் கொடுங்கள். அந்த அம்மாமாரைப் பற்றி மட்டும் அவள் முன்னால் கதைக்காதீர்கள், ஃபோனிலும் கூட. அவர்களுடைய பிள்ளைகள்தான் இடைவேளையில் அவளோடு சாப்பாட்டைப் பங்கிடுகிறவர்கள்.

ரீச்சருக்கான துண்டை இந்தக் கிழமையே வையுங்கள், பழக்கம் தொடங்குவதற்கு முன்னால். திங்கட்கிழமை வேண்டாம், காலைக்கூட்டமும் வேறு அலுவல்களுமாக இருக்கும். புதன் அல்லது வியாழன் கேளுங்கள். கதைத்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.